இறுக்கத் தலையிடிக்குக் கருவியா, பாயா?

கல்முனையில் வீட்டோடு தையல் வேலை செய்கின்ற, அடிக்கடி தலையிடியால் அவதிப்படுகின்ற என் தங்கை சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, கொழும்புக்குப் போய் அந்த மெசினில செய்யட்டா, இல்லாட்டி நீங்க வீட்டில செய்ற பயிற்சியே காணுமா?" அவள் மெசின் என்று சொன்னது, தசையின் இறுக்கத்தை அளந்து திரையிலும் ஓசையிலும் காட்டுகின்ற பயோஃபீட்பேக் கருவியை; பயிற்சி என்று சொன்னது, களுவாஞ்சிகுடியில் என் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து நான் நாள்தோறும் செய்து வருகின்ற தசைத் தளர்வுப் பயிற்சியை. இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். இருபது வருடங்களுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து, விடைத்தாள் திருத்தித் திருத்தியே தலையிடியைத் தேடிக்கொண்டவள் என்ற வகையில், அவளுக்குச் சொன்ன பதிலை இன்னும் கொஞ்சம் விரிவாகவும் ஒழுங்காகவும் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு இதே கேள்வியை மனதில் வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படக்கூடும்.

முதலில், வந்திருப்பது இறுக்கத் தலையிடிதானா என்பது தெரியவேண்டும். என் தங்கையின் சொல்லில் அது, "தலையைச் சுத்திக் கம்பி போட்டு முறுக்கிறாப்போல" இருக்கும். மருத்துவர்கள் பயன்படுத்துகின்ற சர்வதேச வகைப்பாடும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது: தலையின் இரு பக்கமும் வலிக்கும், அழுத்துவது போலவோ இறுக்குவது போலவோ இருக்கும், நாடித்துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்காது, நடப்பதாலோ படியேறுவதாலோ கூடாது, வாந்தி வராது, அரை மணித்தியாலத்திலிருந்து ஏழு நாள் வரை நீடிக்கலாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகத் தொடர்ந்தால் அதை நாட்பட்ட வகை என்பார்கள். ஒரு பக்கமாகத் தெறித்து, குமட்டலோடு வந்து, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்கமுடியாமற் செய்து, இருட்டறையைத் தேடவைப்பது பெரும்பாலும் ஒற்றைத் தலையிடி. அதற்கான சிகிச்சைத் தெரிவுகள் வேறு. உலகம் முழுவதும் இறுக்கத் தலையிடி உள்ளவர்கள் 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி சுமார் 189 கோடிப் பேர். இவ்வளவு பொதுவான நோயாக இருப்பதாலேயே, எந்தத் தலையிடி வந்தாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிற ஆபத்தும் உண்டு.

ஆகவே பாயையும் கருவியையும் நினைப்பதற்கு முன்னரே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய தலையிடிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடுகின்ற, வாழ்நாளில் அறியாத கடுமையான வலி. காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது. கை கால் பலவீனம், நாக்குக் குழறல், பார்வை மங்கலோடு வருவது. தலையில் அடிபட்ட பின் தொடங்கியது. 50 வயதுக்குப் பின் முதன்முதலாக வந்தது. கர்ப்ப காலத்தில் புதிதாக வந்தது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது. இவை எதற்கும் தளர்வுப் பயிற்சி மருந்தாகாது. எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மாரி மழை தொடங்கி வாய்க்கால்களில் தண்ணீர் தேங்கும் காலத்தில் காய்ச்சலும் தலையிடியும் சேர்ந்து வந்தால் டெங்குவை நினைக்கவேண்டும். வலி தாங்கவில்லை என்று இபுபுரோஃபனோ அஸ்பிரினோ டைக்குளோஃபெனக்கோ எடுத்துவிடாமல், பரசிற்றமோலோடு நிறுத்தி இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். கண்ணாடி தேவைப்படுகிறவர் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தால், அதையும் முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது.

இரண்டாவதாக, ஒரு கொப்பி வேண்டும். நான் தங்கையிடம் கேட்ட முதல் காரியம் இதுதான். நான்கு கிழமைக்கு நாள்தோறும், வலி தொடங்கிய நேரம், பூச்சியத்திலிருந்து பத்துவரை அதன் கடுமை, எடுத்த குளிசைகளின் எண்ணிக்கை, முதல்நாள் தூங்கிய நேரம், வலி தொடங்கியபோது கையில் இருந்த வேலை ஆகியவற்றை எழுதச் சொன்னேன். அவள் எழுதி அனுப்பிய பக்கத்தின் படத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. கிழமையில் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு பனடோல். நான்கு கிழமையில் 16 நாள். சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், அந்தக் குளிசையே தலையிடியை நிலைக்கச் செய்துவிடக்கூடும். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த கலவைக் குளிசைகளுக்கு அந்த எல்லை மாதத்தில் 10 நாள்தான். கடையில் ஒரு சோடாவோடு சேர்த்து வாங்கி விழுங்குவது எவ்வளவு இலகுவோ, இந்த எல்லையைத் தாண்டுவதும் அவ்வளவு இலகு. அந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தளர்வுப் பயிற்சியும் சரி, பயோஃபீட்பேக்கும் சரி, குறைவாகவே பலன் தருகின்றன. எனவே எதைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு முன்பாக, குளிசையை எப்படிக் குறைப்பது என்ற கேள்வியைக் கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டாகவேண்டும். நிறுத்திய முதல் நாட்களில் வலி சற்றுக் கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், பயந்து திரும்பவும் குளிசைப் பக்கம் போகமாட்டார்கள்.

இனி இரு தெரிவுகளுக்கும் வருகிறேன்.

தசைத் தளர்வுப் பயிற்சியை 1920களில் உருவாக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, அந்த இறுக்கம் எப்படி இருக்கிறது என்று கவனித்து, பிறகு விட்டுவிட்டால், இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உடல் படித்துக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். அவருடைய மூல முறை மாதக்கணக்கில் நீண்டது. 1973இல் டக்ளஸ் பேர்ன்ஸ்டீன், தோமஸ் போர்கோவெக் என்ற இரு உளவியலாளர்கள் அதை 16 தசைத் தொகுதிகளாகச் சுருக்கினார்கள். இன்று பெரும்பாலும் கற்பிக்கப்படுவது இந்தச் சுருங்கிய வடிவமே. கையைப் பொத்தி ஐந்து முதல் ஏழு வினாடி இறுக்கி, சட்டென்று விட்டு, முப்பது நாற்பது வினாடி அப்படியே கவனித்திருப்பது; பிறகு மேற்கை, நெற்றி, கண், தாடை, கழுத்து, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று போவது. சில கிழமைகளில் 16 தொகுதிகள் ஏழாகும், பின் நான்காகும், கடைசியில் இறுக்காமலே நினைவால் மட்டும் தளர்த்தலாம். வகுப்பறையில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கின்ற அரை நிமிடத்திலேயே தோளை விட்டுவிட முடிவது அந்தக் கடைசிப் படியில்தான். சாந்தி ஆசனமும் யோக நித்திரையும் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. ஆயினும் இறுக்கி விடுகின்ற அந்தப் படி தலையிடிக்காரருக்கு முக்கியமானது என்பது என் அனுபவம். இறுக்கத்தையே உணராதவரைப் பார்த்து, "உடம்பைத் தளர்த்துங்கள்" என்று மட்டும் சொல்வதில் பயனில்லை.

இதன் நல்ல பக்கங்கள் வெளிப்படையானவை. காசு தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை, பிரயாணம் தேவையில்லை. காத்தான்குடியிலிருந்து வருகின்ற என்னுடைய சக ஆசிரியை ஒருவர் சுபஹுத் தொழுகைக்குப் பின், வீடு விழிப்பதற்கு முன், இருபது நிமிடம் செய்கிறார். நான் பாடசாலை விட்டு வந்து, சோறு உண்பதற்கு முன் செய்கிறேன். கச்சான் காற்று அனலாக வீசுகின்ற மாதங்களில் பிற்பகல் செய்வது சித்திரவதை. அப்போது விடிகாலைக்கு மாற்றிக்கொள்வேன்.

இதன் குறை என்னவென்றால், தொடங்குகிறவர்களில் பலர் மூன்றாம் கிழமையில் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு கிழமையில் தலையிடி பெரும்பாலும் குறையாது. இருபது நிமிடம் படுத்திருப்பது வேலையை விட்டுச் சோம்பிக் கிடப்பதாக வீட்டாருக்குத் தோன்றும். பெண்களுக்கு அது தங்களுக்கே தோன்றும். சரியாகச் செய்கிறோமா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. நானே முதல் ஆறு மாதமும் கழுத்தைப் பலமாக இறுக்கிச் செய்து, வலியைக் கூட்டிக்கொண்டேன். கழுத்தை மென்மையாகத்தான் இறுக்கவேண்டும். ஏற்கனவே வலி இருந்தால் அந்தப் படியை இறுக்காமல் கடக்கவேண்டும். இதைச் சொல்லித் தந்தவர், பிறகு நான் சந்தித்த ஓர் இயன்மருத்துவர். ஆகவே வீட்டில் செய்வது என்றால் யாரிடமும் கற்காமலே செய்வது என்று பொருள் கொள்ளக்கூடாது. இரண்டு மூன்று தடவையாவது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைகளிலோ வெளிநோயாளர் பிரிவுக்குப் போகும்போது, இயன்மருத்துவப் பிரிவுக்கோ உளநலப் பிரிவுக்கோ எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். உளநலப் பிரிவு என்றவுடன் முகம் சுருங்கவேண்டியதில்லை. தளர்வுப் பயிற்சியில் கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

பயோஃபீட்பேக் என்பதை உயிர்ப்பின்னூட்டம் என்று தமிழில் சொல்லலாம். உடலுக்குள் நடப்பதை, நாம் பார்க்கவோ கேட்கவோ கூடிய வடிவில் உடனுக்குடன் திருப்பிக் காட்டுவதே அதன் வேலை. இறுக்கத் தலையிடிக்குப் பயன்படுவது தசையின் மின்னசைவை அளக்கின்ற வகை. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் பலர், "கரண்ட் பிடிக்கிறதா?" என்று கேட்கிறார்கள். கருவி உடலுக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. தசை தானே உண்டாக்குகின்ற, வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் எண்ணப்படுகின்ற நுண்ணிய மின்னழுத்தத்தை எடுத்துக் காட்டுவது மட்டுமே அது செய்கிற காரியம்.

குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சைக்காக இரண்டு மாதம் கொழும்பில் தங்கநேர்ந்தபோது, கிழமைக்கு ஒரு தடவையாக எட்டுத் தடவை நான் இதைச் செய்தேன். முதல் நாள் நடந்ததை மறக்கமுடியாது. நெற்றியைச் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரு புருவங்களுக்கும் மேலே ஒவ்வொன்றும் நடுவில் ஒன்றுமாக மூன்று ஒட்டிகளை ஒட்டினார்கள். சாய்ந்த கதிரையில் இருக்கச் சொன்னார்கள். திரையில் ஒரு கோடு ஓடியது. காதில் ஒரு மெல்லிய ஓசை. தசை இறுகினால் ஓசை மேலேறும், தளர்ந்தால் கீழிறங்கும். நான் கண்ணை மூடி, கல்லடிப் பாலத்தடியில் மாலைக் காற்று வாங்குவதாக நினைத்துக்கொண்டு, மிக அமைதியாக இருப்பதாகவே நம்பினேன். ஓசையோ இறங்கவேயில்லை. சிகிச்சையாளர் கேட்டார்: "அம்மா, உங்கள் பற்கள் இப்போது எங்கே இருக்கின்றன?" அப்போதுதான் தெரிந்தது, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று கடித்துப் பூட்டியிருந்தன. உதடுகளை மூடியபடியே பற்களை மட்டும் பிரித்தேன். ஓசை படிப்படியாகத் தாழ்ந்து போனது. இத்தனை வருடமாகத் திருத்திய ஒவ்வொரு விடைத்தாளையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் திருத்தினேன் என்பதை அந்த ஒரு நிமிடத்தில் அறிந்துகொண்டேன்.

இறுக்கம் நெடுநாள் நிலைத்துவிட்டால் அது நமக்கு இயல்பாகிவிடும். அதன் பிறகு உள்ளிருந்து அதை அறியமுடியாது. வெளியிலிருந்து யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒன்று காட்டவேண்டியிருக்கிறது. கருவி காட்டுகிறது. அடுத்தடுத்த தடவைகளில் திரையை மறைத்துவிட்டு, ஓசை இல்லாமலே தளர்த்தச் சொல்லி, பிறகு திரையைக் காட்டி ஒப்பிடச் சொன்னார்கள். இந்தப் பகுதி இல்லாத பயோஃபீட்பேக்கை நான் நல்ல பயோஃபீட்பேக் என்று ஏற்கமாட்டேன். கருவி பக்கத்தில் இல்லாத நாளுக்காகத்தான் கருவியோடு பழகுகிறோம்.

ஆய்வுகள் இரண்டையும் எப்படி நிறுக்கின்றன? 1973இல் அமெரிக்காவின் கொலராடோவில் தோமஸ் புட்சின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 18 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு நெற்றித் தசையின் உண்மையான பின்னூட்டம். இன்னொரு பிரிவினருக்குத் தங்கள் தசையோடு தொடர்பில்லாத பொய்ப் பின்னூட்டம். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. எட்டுக் கிழமையில் 16 தடவை நடந்த அந்தப் பயிற்சியில், உண்மைப் பின்னூட்டம் பெற்றவர்களுக்கே தலையிடி தெளிவாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பிறகு வந்தவற்றுக்கு அது வழிகாட்டியது. 2008இல் ஜேர்மனியைச் சேர்ந்த இவோன் நெஸ்டோரியுச்சும் சகாக்களும், இறுக்கத் தலையிடி பற்றி அதுவரை வந்த 53 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பயோஃபீட்பேக் மிதமானது முதல் பெரியது வரையிலான பலனைத் தருகிறது, சராசரியாக 15 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது, தளர்வுப் பயிற்சியைத் தனியே செய்வதைவிட அது மேலானது, தளர்வுப் பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் பலன் மிக அதிகம் என்பன அவர்கள் கண்டவை. வலியின் கடுமையைவிட, அது வருகின்ற நாட்களின் எண்ணிக்கையே அதிகம் குறைந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

இதை மட்டும் படித்தால் கொழும்புக்குப் பஸ் ஏறவேண்டும் என்றே தோன்றும். ஆனால் 1984இல் கென்னத் ஹோல்ராய்டும் சகாக்களும் செய்த ஓர் ஆய்வு என்னை நீண்ட நேரம் யோசிக்கவைத்தது. இறுக்கத் தலையிடி உள்ள 43 மாணவர்களுக்கு, நெற்றித் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொள்கிறீர்கள் என்று சொல்லப்பட்டது. உண்மையில் பாதிப்பேர், தாங்கள் அறியாமலே, தசையை இறுக்கவே பயிற்றப்பட்டார்கள். அதோடு, தசை என்ன செய்தாலும், சிலருக்கு "மிக நன்றாகச் செய்கிறீர்கள்" என்று திரையில் காட்டப்பட்டது. மற்றவர்களுக்கு "ஓரளவு செய்கிறீர்கள்" என்று காட்டப்பட்டது. மிக நன்றாகச் செய்வதாக நம்பியவர்களுக்குத் தலையிடி 53 சதவீதம் குறைந்தது. ஓரளவு என்று நம்பியவர்களுக்கு 26 சதவீதம் மட்டுமே. தசை இறுகியதா தளர்ந்ததா என்பது வேறுபாட்டைத் தரவில்லை.

இதிலிருந்து பயோஃபீட்பேக் வெறும் ஏமாற்று என்று முடிவு செய்வது தவறு. அதன் பலனில் பெரும் பங்கு, "இது என் கையில் இருக்கிறது" என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது என்றே நான் அதை வாசிக்கிறேன். தலையிடியை வெளியிலிருந்து வந்து தாக்குகின்ற ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தவர், தான் செய்கின்ற ஒரு காரியத்தால் ஓசை இறங்குவதைக் காதால் கேட்கும்போது, அந்த எண்ணம் மாறுகிறது. மாறியவர் முதல் அறிகுறியிலேயே தோளை விடுகிறார், வேலையை ஐந்து நிமிடம் நிறுத்துகிறார், பனடோல் அட்டையைத் தேடி ஓடாமல் இருக்கிறார். அப்படியானால் நமக்கு முன்னிருக்கும் கேள்வி, அந்த நம்பிக்கையை இங்கேயே, கருவி இல்லாமல், எவ்வளவு தூரம் பெறலாம் என்பதே.

ஓரளவு பெறலாம். நெற்றிப்பொட்டில் இரு பக்கமும் விரல் நுனிகளை வைத்து, பல்லைக் கடித்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் தசை புடைத்தெழுவது விரலுக்குத் தெரியும். பல்லைப் பிரித்தால் அது தாழும். இதுவும் பின்னூட்டம்தான். தையல் இயந்திரத்துக்கு முன் தங்கை ஒரு சிறிய கண்ணாடியை வைத்துக்கொண்டாள். தோள் காதுவரை ஏறியிருப்பதை அதில் கண்டு இறக்கிக்கொள்கிறாள். இரு புருவங்களுக்கும் இடையே ஒரு துண்டு செலோரேப் ஒட்டிக்கொண்டு விடைத்தாள் திருத்தினால், முகம் சுளிக்கும் ஒவ்வொரு முறையும் அது இழுபடும். நான் அப்படித்தான் என் சுளிப்பை எண்ணினேன், ஒரு கட்டுத் தாளுக்கு நாற்பதுக்கு மேல். இவை கருவியின் நுண்மைக்கு ஈடாகா. ஆனாலும் பற்களின் இருப்பிடத்தை உணராத ஒருவரை உணரவைக்க, பல வேளைகளில் இவையே போதும்.

சிலருக்கு நான் கருவியைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். கண்ணை மூடிப் படுத்தவுடன் மனம் அமைதியடையாமல், படபடப்பும் பயமும் கூடுகின்றவர்கள் உண்டு. தளர்வினால் எழும் பதற்றம் என்று மருத்துவ நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் கடலையும் கண்ட எங்கள் கரையில், நாவலடியிலோ மருதமுனையிலோ காரைதீவிலோ இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. அமைதியாகக் கிடக்கும் உடம்புக்குள் பழைய இரைச்சல் திரும்பி வருவது அவர்களுடைய பலவீனம் அல்ல. அவர்களுக்கு, கண்ணைத் திறந்துகொண்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்து, திரையிலுள்ள கோட்டில் கவனத்தை வைப்பது பாதுகாப்பாக இருக்கலாம். கருவி கிடைக்காவிட்டால், கண் திறந்தபடி, கைகளையும் பாதங்களையும் மட்டும் இறுக்கி விடுகின்ற குறுகிய பயிற்சியோடு தொடங்கி, உளநல ஆலோசகர் ஒருவரின் துணையோடு மேலே போகவேண்டும். தனியே பாயில் படுத்துப் போராடவேண்டாம்.

பிள்ளைகளின் நிலை வேறு. 2008ஆம் ஆண்டின் அதே திரட்டில், வளரிளம் பருவத்தினருக்குப் பயோஃபீட்பேக்கின் பலன் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது; திரையில் ஓடுகின்ற கோட்டை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அதேவேளை, சுவீடனில் பாடசாலைத் தாதியரைக் கொண்டே மாணவருக்குத் தளர்வுப் பயிற்சி கற்பித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் கவிழ்ந்து கிடக்கின்ற பிள்ளைகளை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். காலைக் கூட்டம் முடிந்து பத்து நிமிடம் அவர்களுக்குக் கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று எண்ணாத வருடமில்லை. ஒரு வகுப்பில் நானே தொடங்கியிருக்கிறேன்.

மூன்றாவது தெரிவொன்றையும் பேசாமல் விடமுடியாது. நாட்பட்ட இறுக்கத் தலையிடிக்கு, இரவில் குறைந்த அளவில் எடுக்கின்ற அமிற்றிப்டிலின் என்ற மருந்தை மருத்துவர்கள் தருகிறார்கள். பழைய மனச்சோர்வு மருந்து என்பதால் பெயரைக் கேட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். இங்கே அது வலியின் பாதையைத் தணிப்பதற்காகத் தரப்படுகிறது. வாய் உலர்தல், தூக்கக் கலக்கம், மலச்சிக்கல், உடல் எடை கூடுதல் ஆகியவை அதன் தொல்லைகள். ஹோல்ராய்ட் 2001இல் 203 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இந்த வகை மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 38 சதவீதத்தினருக்கும், தளர்வையும் மன அழுத்தத்தைக் கையாளுவதையும் கற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கும், போலி மருந்து எடுத்தவர்களில் 29 சதவீதத்தினருக்கும் தலையிடி பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தபோது அது 64 சதவீதம். மருந்து விரைவாகவும் பயிற்சி மெதுவாகவும் வேலை செய்தன. பயிற்சி அவர்களுக்கு வெறும் மூன்று சந்திப்புகளிலும், கைநூலும் ஒலிநாடாவும் கொண்டு வீட்டிலும் கற்பிக்கப்பட்டது என்பது எங்களைப் போல் தூரத்தில் இருப்பவர்களுக்கு முக்கியமான செய்தி. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வலியில் இருப்பவர், மருந்தா பயிற்சியா என்று ஒன்றை விலக்கி ஒன்றை எடுக்கவேண்டிய அவசியமே இல்லை.

தைலத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1996இல் ஜேர்மனியின் கீல் நகரில் நடந்த ஆய்வில், நெற்றியில் பூசிய 10 சதவீதப் புதினா எண்ணெய், 1000 மில்லிகிராம் பரசிற்றமோலுக்கு இணையாக வலியைக் குறைத்தது. கடையில் விற்கும் எல்லாத் தைலமும் அதுவாகாது. ஆனாலும் வந்த வலியைத் தணிக்க அம்மம்மா செய்த கைவைத்தியத்தை நான் இகழமாட்டேன். வலி வராமல் தடுப்பது அதன் வேலை அல்ல.

இப்போது தூரக் கணக்கு. கல்முனையிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். பத்துத் தடவை போய்வந்தால் 6000 கிலோமீட்டரைத் தாண்டும். இரவு பஸ்ஸில் கழுத்து ஆடிக்கொண்டு, தூக்கமின்றி, காலையில் போய் இறங்கி, நெற்றியில் ஒட்டிகளை ஒட்டித் தசையைத் தளர்த்தி, மறுபடி இரவு பஸ்ஸில் திரும்புவதில், பெற்றதையெல்லாம் வழியிலேயே இழந்துவிடலாம். தூக்கக் குறைவு இந்தத் தலையிடியின் மிக அறியப்பட்ட தூண்டுதல்களில் ஒன்று. தையல் நின்ற நாட்களின் வருமானம் வேறு. எனக்குப் பயோஃபீட்பேக் பலித்ததற்கு, அந்த இரண்டு மாதமும் நான் கொழும்பிலேயே தங்கியிருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்கமுடியாது.

வீட்டிலிருந்தே வாங்கிப் பயன்படுத்தலாமே என்று இணையத்தில் பலவற்றை விளம்பரப்படுத்துகிறார்கள். வாங்குமுன் அது எதை அளக்கிறது என்று பார்க்கவேண்டும். கைபேசிக் கமராவில் விரலை வைத்து இதயத் துடிப்பைக் காட்டுவதும், விரல் நுனியின் வெப்பத்தைக் காட்டுவதும், தோலின் ஈரத்தைக் காட்டுவதும் தசையின் இறுக்கத்தைக் காட்டுவதாகா. விரலைச் சூடாக்கப் பழகுகின்ற முறை ஒற்றைத் தலையிடிக்காக வந்தது. இறுக்கத் தலையிடிக்கான ஆய்வுகளில் பெரும்பாலானவை நெற்றித் தசையில், சிலவற்றில் கழுத்து தோள் தசையில், மின்னசைவை அளந்தவை. தசைக்கு மின்துடிப்புக் கொடுக்கின்ற கருவியை பயோஃபீட்பேக் என்று சொல்லி விற்கின்றவர்களும் உண்டு. அது முற்றிலும் வேறு சாதனம்.

நிலையம் ஒன்றுக்குப் போவதென்று தீர்மானித்தாலும், காசு கட்டுமுன் சில கேள்விகளுக்குப் பதில் பெறவேண்டும். பயிற்சி தருபவர் உளவியலாளரா, இயன்மருத்துவரா, மருத்துவரா? தலையிடிக் கொப்பியையும் குளிசைக் கணக்கையும் முதல் நாளே கேட்டுப் பார்ப்பார்களா? திரை இல்லாமல் பயிலும் பகுதி உண்டா? தமிழில் பேசிப் பயிற்றுவார்களா? கடைசிக் கேள்வியைச் சிறியதாக எண்ணவேண்டாம். "உங்கள் தாடை பாரமாகித் தொங்குகிறது" என்று தாய்மொழியில் கேட்டால் தாடை தானாகவே தொங்கும். பாதி விளங்கும் மொழியில் கேட்டால், சொல்லை விளங்கிக்கொள்ளும் முயற்சியிலேயே நெற்றி சுருங்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு நிலையத்தில் பத்துத் தடவைக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அவர் நாள்தோறும் கலவைக் குளிசை எடுப்பதைக் கடைசிவரை கேட்கவேயில்லை. அவருக்கு ஒன்றும் குறையவில்லை. தன் உடம்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வேகிறது.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். முதலில் கிளினிக்கில் மருத்துவரைக் கண்டு, பனடோல் நாட்களைக் கிழமைக்கு இரண்டுக்குள் கொண்டுவரவேண்டும். அதோடு எட்டுக் கிழமை, நாளுக்கு இருபது நிமிடம், பாயில். முதல் மூன்று தடவை நான் கல்முனைக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். சீருடைத் தையல் குவிகின்ற டிசம்பர், ஜனவரி மாதங்களில் இதைத் தொடங்கவேண்டாம். அப்போது தொடங்கினால் முதல் கிழமையிலேயே நின்றுவிடும். எட்டாம் கிழமைக் கொப்பியில் வலி நாட்கள் பாதியாகக் குறையாவிட்டால், மருந்தைச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் மறுபடி பேசலாம். அதன் பிறகும் தாடையும் தோளும் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தால், பாடசாலை விடுமுறையில் கொழும்பு வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் இரண்டு கிழமை தங்கி, நான்கைந்து தடவை கருவியோடு பயின்றுவிட்டு வரலாம். அப்போது அவள் வெறுங்கையோடு போகமாட்டாள். எட்டுக் கிழமை பயின்ற உடம்போடு போவாள், கருவி காட்டுவதை உடனே பிடித்துக்கொள்வாள்.

போன சனிக்கிழமை மூன்றாம் முறையாகப் போயிருந்தேன். தையல் இயந்திரத்தை மூடி, துணி வெட்டுகின்ற பாயையே விரித்துப் படுத்தாள். தாடைக்கு வந்தபோது, "பல் எங்க இருக்கு?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "இப்பதான் விட்டனான் அக்கா" என்றாள்.